பொன்விழா மேடையில் இரண்டாவது சரணம்

மேடைப் பாடகர்கள் வெளியே சொல்லாத உண்மை ஒன்று உண்டு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்தப் பாட்டிலும் இரண்டாவது சரணம் தெரியாது. கல்யாண வரவேற்பில் ஆட்கள் பந்திக்குப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி, கைதட்டல் (வந்தால்), அடுத்த பாட்டு. இப்படியே ஆறு வருஷம் ஓட்டினேன். ஏழாவது வருஷம் அகப்பட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பகலில் தென்காசியில் டைல்ஸ் கடை விற்பனையாளன். சாயந்திரமானால் ஒரு மெல்லிசைக் குழுவின் முதன்மை ஆண் குரல் (இருந்ததே ஒரு ஆண் குரல்தான்). போதாக்குறைக்கு எனக்கு ஒரு கிறுக்கும் இருந்தது. இசை உலகின் விசேஷ நாட்களெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டு நாட்காட்டியில் ராகு காலத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதி வைப்பேன்: இந்த வித்வான் பிறந்த நாள், அந்தப் பாடகி முதன்முதலில் மேடையேறிய நாள், இன்ன பாட்டு வெளிவந்த நாள். "அவன் தாத்தா திவசம் அவனுக்கு ஞாபகம் இருக்காது, இதெல்லாம் இருக்கும்" என்பார் அப்பா.

என் தொல்லை தாங்காமல் எங்கள் குழு வருஷத்துக்கு இரண்டு விழா எடுக்கும். நாதஸ்வர வித்வான் ஒருவரின் நூற்றாண்டு விழாவில் குத்துப்பாட்டு பாடிய பெருமை இந்த ஜில்லாவில் எங்களுக்கு மட்டும்தான் உண்டு. கீபோர்டு வாசிக்கும் கடையநல்லூர் ரஹ்மத் அன்றே கேட்டான், "ஏலே, அவரு மேல இருந்து கேட்டா என்ன நெனப்பாரு?" நான் காதில் வாங்கவில்லை.

அந்த வருஷ நாட்காட்டியில் ஆடி மாதத்தில் ஒரு நாளைச் சுற்றி நான் மூன்று வட்டம் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்துக்காரரான கவிஞர் சுடலைமுத்து எழுதிய ஒரே சினிமாப் பாட்டு வெளிவந்து அன்றோடு ஐம்பது வருஷம். படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, ஆனால் பாட்டு தங்கிவிட்டது. சாரல் பாட்டு என்றால் தென்காசியில் பச்சைப்பிள்ளைகூட முனகும். கவிஞர் அதற்குப் பிறகு வாய்ப்புத் தேடி அலைந்துவிட்டு ஊருக்கே திரும்பி, சில வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி பொன்னம்மாள் தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் தனியாக இருந்தார். பாட்டுக்குப் பொன்விழா, அம்மாவுக்கு மேடையில் பொன்னாடை. திட்டம் என்னுடையது.

அழைக்கப் போனபோது அந்த அம்மா நான் நீட்டிய அழைப்பிதழைப் பிரிக்கக்கூட இல்லை.

"ரெண்டு சரணமும் பாடுவியளா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. படத்தில் முதல் சரணம் முடிந்ததும் வில்லன் ஜீப்பில் வந்துவிடுவான், பாட்டு அதோடு சரி. இணையத்தில் இருந்ததும் அந்த அரைப் பாட்டுதான்.

"ரெண்டும் பாடுவோம்மா. அதுக்குத்தானே விழாவே" என்றேன்.

"ரெக்கார்டுல முழுசா இருந்துச்சு. ஒரு கல்யாணத்துக்கு மைக்செட்காரர் வாங்கிட்டுப் போனாரு, திரும்பி வரல. அந்த ரெண்டாவது சரணத்தைக் காதால கேட்டு நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு." பிறகு அலமாரியைக் காட்டி, "அவுக நோட்டு இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் நோட்டை வாங்கியிருப்பான். நான் வாங்கவில்லை. "எனக்கு மனப்பாடம்மா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த இருபத்தாறு வயதுக்காரனைச் செவிட்டில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

ரஹ்மத்திடம் சொன்னேன். "அந்தப் பாட்டுக்கு ஏதுலே ரெண்டாவது சரணம்?" என்றான் அவன். இரண்டு பேரும் சேர்ந்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்புகிறது என்று தீர்ப்பு எழுதினோம். முதல் சரணத்தையே இரண்டு தடவை பாடிவிடுவது என்று முடிவானது. அப்படிப் பாடியதை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில். வெளியே சாரல். உள்ளே நல்ல கூட்டம். மூன்றாவது வரிசையில், எனக்கு நிச்சயமாகி இருபது நாளே ஆகியிருந்த சண்முகத்தாய், அவள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையின் நடுவில் பொன்னம்மாள், மடியில் ஒரு துணிப்பை. நான் மைக்கைப் பிடித்து அந்தப் பாட்டு பதிவான நாள், இசைத்தட்டு வந்த நாள், படம் வந்த நாள், படம் தியேட்டரை விட்டுப் போன நாள் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். சண்முகத்தாயின் அப்பா தலையசைத்தார். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

பாடினேன். முதல் சரணம் அருமையாக வந்தது. இடையிசை முடிந்தது. மறுபடியும் முதல் சரணத்தையே எடுத்தேன். இரண்டாவது வரியில் பொன்னம்மாள் எழுந்து நின்றார். மூன்றாவது வரியில் மேடைப் படியேறினார். ஆசீர்வாதம் பண்ண வருகிறார் என்று நினைத்து நான் பாடிக்கொண்டே தலையைக் குனிந்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, எனக்கு முன்னால் இருந்த ஸ்டாண்டில் விரித்து வைத்தார்.

"ரெண்டாவது சரணம் இங்கன இருக்கு, தம்பி."

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

ரஹ்மத் உயிர் நண்பன். ஒன்றும் நடக்காதது போல இடையிசையை மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அந்தச் சில நொடிகளில் நான் நோட்டைப் பார்த்தேன். அடித்தல், திருத்தல், அம்புக்குறி, மை கரைந்த இடம். எது பாட்டு, எது குறிப்பு என்று யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

முதல் இரண்டு வரி சரியாகவே வந்தது:

மலையிறங்கும் சாரலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்
மழை முடியும் முன்னாலே உன் வாசல் வந்துநிற்பேன்

அடுத்து, கவிஞர் அடித்துப் போட்டிருந்த வரியையும் பாடினேன். அதன் கீழே 'இங்கே ஒரு சீர் குறைகிறது' என்று எழுதியிருந்தார். அதையும் பாடினேன், கமகத்தோடு. ரஹ்மத்தின் கண் வெளியே விழுந்துவிடும் போலிருந்தது. நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. ஓரத்தில் அதே சாய்ந்த கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. குரலை மேலே ஏற்றி, உருகி, இரண்டு தடவை பாடினேன்:

பொன்னுக்குக் குடை வாங்க வேண்டும்

பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினேன் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் பொன்னம்மாள் அம்மா என்று நானே பேர் சொல்லி வரவேற்றிருந்தேன். முதலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சண்முகத்தாயின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"தேதியெல்லாம் சரியாச் சொல்லுதிய தம்பி. பாட்டத்தான் விட்டுட்டிய."

இதுவும் மைக்கில் கேட்டது. பொன்னாடையை வாங்காமலே படியிறங்கி வெளியே போய்விட்டார். நாற்பது வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்க வந்த மனுஷி. அதை ஊர் சிரிக்கும்படி செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு என்ன பாடினேன், விழா எப்படி முடிந்தது, ஒன்றும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் சண்முகத்தாய் போன் செய்தாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லப் போகிறாள் என்றுதான் எடுத்தேன். "அந்த அம்மாவைப் போய்ப் பாத்தியளா இல்லையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு கறுப்புக் குடை வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். நல்ல சாரல். புதுக் குடை நனையக் கூடாது என்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஐந்தருவிப் பாதையில் நடந்தேன். கதவைத் திறந்த பொன்னம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டைக்குள்ள குடைய வச்சுக்கிட்டு நனைஞ்சிட்டு வந்து நிக்கிய."

குடையை நீட்டினேன். அவர் துண்டு கொடுத்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"அவுக மெட்ராஸ்ல, நான் இங்கன. மழையில நனைஞ்சிட்டேதான் தபாலாபீஸுக்குப் போவேன். அந்தக் குறிப்ப அவுக போனப்புறம்தான் நானும் பாத்தேன். கடைசி வரைக்கும் வாங்கித் தரல. பாட்டு எழுதுன சூட்டுல மறந்துட்டாக."

"தப்பு பண்ணிட்டேம்மா."

"அது கிடக்கட்டும். பாட்டு எங்க?"

நோட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். கீபோர்டு இல்லை, மைக் இல்லை. ஒவ்வொரு வரியாக அவர் விரல் வைத்துக் காட்டினார். அடித்த வரி வந்ததும் விரல் அதைத் தாண்டிப் போனது. முழுச் சரணத்தையும் பாடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டை முழுசாகப் பாடினேன் என்று நினைக்கிறேன். பல்லவிக்குத் திரும்பப் போனபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குடை எங்க?"

"அம்மா, அது பாட்டுல இல்லியே. குறிப்புல்லா."

"எனக்குத் தெரியாதா? பாடுங்க."

பாடினேன். இந்தத் தடவை ஒரே ஒரு முறை, மெதுவாக. அவர் அழுதார். நானும்தான்.

இது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. சண்முகத்தாய் என்னைக் கட்டிக்கொண்டாள். கடைக்குப் போய் வாங்கச் சொன்னதில் பாதியை மறந்து வந்தால், "ரெண்டாவது சரணம் எங்க?" என்று கேட்பாள். வெளியே தூற்றல் போட்டால் எங்கள் மகள் குடை வரியை ராகத்தோடு எடுத்துவிடுவாள். நேயர் விருப்பத்தில் அந்த வரியோடு பாடச் சொல்லி இன்றும் சீட்டு வருகிறது. ரஹ்மத் சிரிக்காமல் வாசிக்கப் பழகிவிட்டான்.

நாட்காட்டியில் இப்போது நான் ஒரே ஒரு நாளைத்தான் சிவப்பு மையில் வட்டம் போடுகிறேன். வருஷா வருஷம் அன்று குற்றாலத்துக்குப் போய் அந்தப் பாட்டை முழுசாகப் பாடிவிட்டு வருவேன். நான் கொடுத்த குடை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. போன ஆடியில் நல்ல மழை. என்னை வழியனுப்பத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். குடையைப் பிடித்துக்கொள்ளலாமே என்றேன்.

"எப்படிப் பிடிக்க?" என்றார். "அவுக வாங்கிக் கொடுத்ததுல்லா, நனைஞ்சிரும்."