ஆறு பூதமும் ஒரு மச்சானும்

இனி ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் காலையில் பல் தேய்த்தபடியே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதாகப் போயிற்று. சொற்களை இன்னும் கொஞ்சம் சரிப்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பேர். அவர் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். தெருவுக்கே டிரைவிங் டீச்சர். அவர் கண்ணாடி விற்றுப் பிழைக்கிறார், அவள் "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று கத்திப் பிழைக்கிறாள். அவள் வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் சரியான இடத்தில் தானே வண்டியை நிறுத்தியதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்துவார். நிறுத்தியது அவளாக இருக்கும்.

சபதத்துக்குக் காரணம் மச்சான். மனைவியின் தம்பி. டிரம்ஸ் வாசிப்பவன். வாசிப்பது என்பது அவன் சொல்வது. கண்ணாடிக்காரர் அதற்கு வேறு வினைச்சொல் வைத்திருந்தார். இந்த ஊரில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று முந்தின நாளே காதில் விழுந்திருந்தது. வேலை கிடைத்தால் ஆள் வருவான். ஆள் வந்தால் டிரம்ஸ் வரும். டிரம்ஸ் வந்தால் அந்தச் சின்ன அறை போகும்.

அந்தச் சின்ன அறைதான் அவருடைய ராஜ்ஜியம். ஒரு டிவி, ஒரு விளையாட்டுப் பெட்டி, பஞ்சு வெளியே எட்டிப்பார்க்கும் ஒரு நாற்காலி. கடையை மூடிவிட்டு வந்து அதில் உட்கார்ந்தால் அவர் படைத்தளபதி. அவர் ஆடுவது பூதச் சண்டை. ஆளுக்கு ஆறு பூதம். பூதத்துக்கு நாலு வித்தை. எந்த ஆறு, எந்த நாலு என்று யோசித்தே தலையில் பாதி முடியைத் தொலைத்திருந்தார்.

குளித்துவிட்டு வந்ததும் மனைவி காபியை நீட்டினாள்.

"தம்பி வர்றேங்கறான்."

"எங்க?"

"எங்கயா? இங்கதான்."

"எத்தன நாளைக்கு?"

"வேலைக்கு வர்றவன் நாள் கணக்கா சொல்லுவான்?"

"டிரம்ஸு?"

"அத விட்டுட்டு அவன் என்னிக்கு வந்திருக்கான்?"

கண்ணாடிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். நுரை இல்லாத வாயால் சபதத்தை வெளியிட்டார். "முடியாது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். மனைவி நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீங்க வேணாங்கறீங்க. நான் அக்காக்காரி, வேணும்னு சொல்லித்தானே ஆகணும்? கத்திச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. நாள் பூரா வண்டியில கத்திட்டுத்தான் வர்றேன். உங்க பூத விளையாட்டுலயே பாத்துடுவோம். நான் ஜெயிச்சா அவன் வர்றான். நீங்க ஜெயிச்சா வரல."

"எந்த விளையாட்டுல?"

"அதான், நீங்க உட்காந்து உறுமிக்கிட்டே ஆடுவீங்களே, அதுல."

கண்ணாடிக்காரருக்குக் குழப்பம் அங்கே ஆரம்பித்தது. அந்த விளையாட்டுப் பெட்டியை அவள் தொட்டதெல்லாம் தூசி தட்டத்தான். அவரோ ஊர் பேர் தெரியாத ஆட்களையெல்லாம் டிவிக்குள் தோற்கடித்தவர். தானாக வந்து தலையை நீட்டுகிறாளே, ஏன்?

அன்று சாயங்காலமே பாடம் தொடங்கியது.

"இங்க பாரும்மா. நெருப்பு தண்ணிக்கு அடங்கும். தண்ணி செடிக்கு அடங்கும். செடி நெருப்புக்கு அடங்கும்."

"புரியுது. எல்லாம் யாரோ ஒருத்தருக்கு அடங்கித்தான் போகணும்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ரகசியமா வித்தையத் தேர்ந்தெடுக்கணும். எதிராளி என்ன செய்யப் போறான்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கணும். ஆட்டமே அதுலதான். ஆபத்துன்னு தோணினா பூதத்த உள்ள கூப்ட்டுட்டு வேற ஒண்ண அனுப்பலாம். ஆனா அந்த முறை நம்மால அடிக்க முடியாது."

"ஓடறதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க. உங்களுக்கு ஏன் இது பிடிச்சுதுன்னு இப்பத்தான் தெரியுது."

பிறகு அவள் தன் படையைத் தேர்ந்தெடுத்தாள். பூதங்களுக்கு நாமே பேர் வைத்துக்கொள்ளலாம். எப்போதும் பாதிக் கண் மூடியிருக்கும் ஒரு குண்டுப் பூதத்துக்குத் தூங்குமூஞ்சி என்று வைத்தாள். மழை கொட்டும் மேகத்துக்கு அழுமூஞ்சி. உருண்டையாக ஊதிப்போன ஒன்றுக்கு உம்மணாமூஞ்சி. கூடவே ஒரு நத்தை, ஒரு கத்தாழை, ஒரு நனைந்த கோழி.

கண்ணாடிக்காரர் திகைத்தார். சண்டைக்குப் போகிற எவனும் அந்த ஆறையும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். "என்னம்மா, ஒரே மூஞ்சியா எடுத்திருக்க?"

"வீட்டுல பழகின மூஞ்சியா பாத்து எடுத்தேன்."

"இந்த நத்தைக்கு என்ன வித்தை?"

"தெரியல. முதல்ல எது இருந்துச்சோ அத அமுக்கினேன்."

அவள் போய்விட்டாள். அவர் அந்த ஆறு பூதங்களையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இது முட்டாள்தனமா, மூளையா? முட்டாள்தனம் மாதிரி தெரிகிற மூளையா?

மறுநாள் கடையில் லென்ஸ்காரரிடம் கேட்டார். லென்ஸ் தேய்க்கிற அவரும் ஒரு பூதப் பைத்தியம், கல்யாணம் ஆகாதவர். ஆகையால் மனைவிமார்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"அந்தப் பாதிக் கண் மூடின குண்டையா?" லென்ஸ்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். "யாருமே எடுக்காத பூதமாச்சே. வேணும்னே எடுத்திருக்காங்கன்னா காரணம் இருக்கும்."

"காரணம் இல்லைன்னா?"

"காரணம் இல்லாம உங்க வீட்டுல எப்பயாவது ஏதாவது நடந்திருக்கா?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். நடந்ததில்லை.

"நீங்க நெருப்பு எடுப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும்னு..."

"போதும்யா!" என்று அவர் கத்தினார். கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெரியவர், எழுத்துப் பலகையைப் படித்தது போதும் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக்காரர் படையைக் கலைத்துக் கலைத்துக் கட்டினார். நெருப்பு கக்கும் எரிமூக்கனைச் சேர்த்தார், நீக்கினார், மறுபடி சேர்த்தார். 'மின்வெட்டு' என்ற பறவையைச் சேர்த்தபோது நிஜமாகவே கரண்ட் போயிற்று. அதையும் அவர் ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டார். மனைவியோ அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பயிற்சி எடுக்காமல் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்ன அறையில் போர் மூண்டது. அவர் பஞ்சு நாற்காலியில், அவள் ஒரு ஸ்டூலில்.

அவள் முதலில் நத்தையை அனுப்பினாள். நத்தை தரையெல்லாம் முள் தூவியது.

"இது என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"இனிமே நான் எந்தப் பூதத்த களத்துக்கு அனுப்பினாலும் அதோட கால்ல முள் குத்தும். தெரியாதா உனக்கு?"

"ஐயையோ, தெரியாதே!" அந்த ஐயையோவில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது. இவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறாளே!

நத்தையை எரிமூக்கன் ஒரே மூச்சில் சுட்டான். அடுத்துத் தூங்குமூஞ்சி வந்தது. எரிமூக்கன் ஓர் அடி அடித்தால் அதுவும் காலி. கண்ணாடிக்காரரின் விரல் பொத்தான் மேல் நின்றது. நான் அடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இதை அனுப்பியிருக்கிறாள். ஆக, அடிக்கக் கூடாது. எரிமூக்கனை உள்ளே கூப்பிட்டுப் பாறைமண்டையை அனுப்பினார். பாறைமண்டையின் காலில் முள் குத்தியது. தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டது. அவ்வளவுதான்.

கொட்டாவியா? கொட்டாவிக்குப் பின்னால் என்ன? பாறைமண்டையை உள்ளே இழுத்து மின்வெட்டை அனுப்பினார். முள். மின்வெட்டை இழுத்து முதலையை அனுப்பினார். முள். தூங்குமூஞ்சி இருந்த இடத்தை விட்டு அசையாமல் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது. எதிரில் கண்ணாடிக்காரரின் படை வரிசையாக வந்து முள் குத்திக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பியது.

"அடிங்களேன்!" என்றாள் மனைவி.

"ஏன் அடிக்கச் சொல்ற?"

"சும்மாதான்."

"யாராவது சும்மா தன்ன அடிக்கச் சொல்லுவாங்களா?" என்று இன்னொரு பூதத்தை மாற்றினார். முள்.

ஒரு வழியாகத் தூங்குமூஞ்சி தானே தூங்கிப்போய், அதற்கு மேலும் சந்தேகப்பட முடியாத நிலையில் அவர் எரிமூக்கனை மறுபடி அனுப்பி அதை அடித்தார். அவள் பெருமூச்சு விட்டாள். அடுத்து, எரிமூக்கனுக்கு எதிரில் கத்தாழையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நெருப்புக்கு எதிரில் செடி! முதல் நாள் பாடம்! கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. அவசரமாக எரிமூக்கனை இழுத்துக்கொண்டு முதலையை அனுப்பினார். தண்ணீர் முதலை. முள் குத்தியது, கத்தாழையும் குத்தியது, முதலை கவிழ்ந்தது.

"நான் அத வேணும்னு பண்ணல!" என்றாள் அவள், ஏறக்குறைய அழுகிற குரலில்.

எரிமூக்கன் திரும்பி வந்து கத்தாழையைச் சுட்டதும் அவள் உம்மணாமூஞ்சியை அனுப்பினாள். அதன் வித்தைகளைத் தேடித் தேடி, 'தானே வெடித்தல்' என்றிருந்ததை நிம்மதியோடு அமுக்கினாள். உம்மணாமூஞ்சி வெடித்துச் செத்தது. எதிரில் நின்ற எரிமூக்கனும் கூடவே செத்தான்.

"அது வெடிச்சா பக்கத்துல இருக்கறவனுக்கும் அடி விழும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"எதிரி சாகணும்னுதானே வெடிக்கறது?"

"எனக்கெப்படித் தெரியும்? அது கோவிச்சுக்கிட்டுப் போயிடும்னு நெனச்சேன்."

இப்படியே அடித்ததும் அடிபட்டதும் எதற்கென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பூதங்கள் சாய்ந்தன. கடைசியில் அவரிடம் பாறைமண்டை மட்டும் மிச்சம், அதுவும் மூக்கு முனையில் உயிரோடு. அவளிடம் அழுமூஞ்சி. பாறை தண்ணீருக்கு அடங்கும். ஒரு தூறல் போட்டால் கதை முடிந்தது. மச்சானின் டிரம்ஸ் கண்ணாடிக்காரரின் காதில் இப்போதே கேட்டது.

மனைவி திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வித்தைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். "மழை... வெள்ளம்... இடி... ஓய்வு." ஓய்வை அமுக்கினாள். அழுமூஞ்சி அழுகையை நிறுத்திவிட்டுக் குறட்டை விட்டது.

பொறி! எவ்வளவு பெரிய பொறி! கண்ணாடிக்காரர் பூதத்தை மாற்றப் பார்த்தார். மாற்ற வேறு பூதம் இல்லை. வேறு வழியே இல்லாததால் அடித்தார். மறுபடி அடித்தார். திரையில் அவர் பேர் பொன்னெழுத்தில் மின்னியது.

"ஜெயிச்சுட்டேன்!" நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். மிச்சமிருந்த பஞ்சும் வெளியே வந்தது.

"ஜெயிச்சுட்டீங்க! பெரிய ஆளுதாங்க நீங்க!" என்று கைதட்டிக்கொண்டே மனைவி போனை எடுத்தாள். "அம்மா லைன்ல இருக்காங்க. இந்தச் சூட்டோட உங்க முடிவச் சொல்லிடுங்க."

வேறு நாளாக இருந்தால் அத்தையின் குரல் கேட்டதுமே அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார். இன்று அவர் தளபதி. "அத்தை, உங்க பையன் இங்க தங்க வேண்டாம். வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க. இது என் முடிவு!"

அந்தப் பக்கம் ஒரு 'ஐயோ'. இந்தப் பக்கம் மனைவியின் குரல் தழுதழுத்தது. "நான் எவ்வளவோ போராடிப் பாத்தேம்மா. மனுஷன் அசையல."

"நீ என்னடி பண்ணுவ பாவம்," என்றார் அத்தை. "பூதத்தோடயே பழகிப் பழகி மாப்ளையும் ஒரு பூதமாவே ஆயிட்டாரு."

"பரவால்ல அக்கா," என்றது மச்சானின் குரல். "எனக்காக நீ சண்டை போட்ட பாரு, அது போதும்."

போன் அணைந்தது. தழுதழுப்பும் அணைந்தது. மனைவி கால் நீட்டி உட்கார்ந்து, ஜன்னலே அதிரச் சிரித்தாள்.

"யப்பா! உங்கள ஜெயிக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. தோத்துப் போறது இவ்வளவு கஷ்டமா?"

"அப்ப... உனக்கு உன் தம்பி வரணும்னு..."

"அந்தச் சத்தத்த யாரு கேக்கறது? நாள் பூரா ஹாரன் கேட்டுட்டு வர்றேன்."

"அத நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்க போன எடுத்து, 'அத்தை, உங்க பொண்ணுக்குத்தான் இஷ்டமில்ல'ன்னு உளறியிருப்பீங்க."

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். உளறியிருப்பார். மாமியார் வீட்டில் அவர் இனி பூதம். மனைவி தியாகி. இருந்தாலும் என்ன? அறை தப்பியது. அந்த ஒரு ஆறுதலோடு அவர் பஞ்சை நாற்காலிக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. இரண்டு ஆட்கள் ஒரு நீளப் பெஞ்சையும், சாலைக் குறிகள் வரைந்த பெரிய பலகையையும் தூக்கிக்கொண்டு நேராகச் சின்ன அறைக்குள் நுழைந்தார்கள்.

"இது என்ன?"

"சாலை விதி வகுப்பு. வண்டிக்குள்ளயே உட்கார வெச்சு எவ்வளவு நாள் சொல்லிக்கொடுக்கறது? தம்பி வந்திருந்தா இந்த அறை எனக்குக் கிடைச்சிருக்காது."

"அறைக்காகத்தானே நான் பந்தயமே கட்டினேன்!"

"பந்தயம் தம்பி வர்றதா வேணாமாங்கறதுக்கு. அறையப் பத்தி நாம பேசவே இல்லையேங்க." அவள் டிவியின் வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அப்ப நான் எங்கம்மா விளையாடறது?"

சுருட்டின வயரை அவர் கையில் பதவிசாக வைத்தாள். "ஜெயிச்சவர் நீங்க. எங்க வேணும்னாலும் விளையாடுங்க."