மச்சானுக்கு அப்பாயின்மென்ட்

ஊர் திரும்பிய மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் அறிவித்தேன்.

"கிருபா, இனிமே இந்த வீடு ரோட்டர்டாம்."

என் மனைவி கிருபாபாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்போ இந்தக் கீரைய என்ன செய்ய? அங்கன முருங்கை கிடையாதே."

எவ்வளவு பெரிய அறிவிப்பையும் ஒரு கட்டுக் கீரையில் சுருட்டி வைத்துவிடுவாள். நான் அசரவில்லை.

எங்கள் மகள் ஈவாஞ்சலின் வாழ்க்கைப்பட்டிருப்பது ரோட்டர்டாமில். அவள் வீட்டில் கோடைகாலம் முழுக்க இருந்துவிட்டுத் தூத்துக்குடி திரும்பியிருந்தோம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பெட்டிகளை ரோட்டர்டாமுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நானே பெட்டியோடு போனது இதுதான் முதல் தடவை.

பேருதான் ரோட்டர்'டாம்'. ரோட்டில் ஒரு டாம் டூம் கிடையாது. போய் இறங்கிய அன்று காது அடைத்துவிட்டதென்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, காது நன்றாகத்தான் இருக்கிறது, ஊர்தான் பேசவில்லை.

அங்கே இருந்தவரை மருமகன் பெனிஸ்டனிடம் தூத்துக்குடிப் பெருமை பேசினேன். இங்கே வந்ததும் தெருவெல்லாம் ரோட்டர்டாம் பெருமை. இருக்கிற ஊரைத் தவிர மற்ற எல்லா ஊரும் நல்ல ஊர்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரே ஒரு வழக்கம் என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. அங்கே யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் வருவதில்லை. வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்து வீட்டுக்காரர் பெனிஸ்டனுக்கு மெசேஜ் அனுப்பி நாள் கேட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை மழை காத்திருந்ததா என்று கேட்காதீர்கள். மழை அங்கே யாரிடமும் கேட்பதில்லை.

இந்தக் குடை விவகாரத்தைப் பார்த்த கணமே என் கண்முன் வந்து நின்றவன் எஸ்றா.

எஸ்றா என் மனைவியின் தம்பி. நாசரேத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன்தான் ஓய்வு பெற்றான், அவன் விசில் பெறவில்லை. எந்த நேரத்தில் வருவான் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. என் சாய்வு நாற்காலி அவனுடையது. டி.வி. ரிமோட் அவனுடையது. விடியற்காலையில் என் போர்வை அவனுடையது. உருவி எறிந்துவிட்டு, "அத்தான், எந்திரிங்க! குனிஞ்சு கால் பெருவிரலத் தொடுங்க!" என்பான். என் கால் பெருவிரலை நான் நேரில் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தொப்பை குறுக்கே நிற்கிறது.

ஆகவே விளக்கினேன்.

"நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல போன் பண்ணணும். நாள் கேக்கணும். நாம சரின்னு சொன்னாத்தான் வரணும்."

"யாரச் சொல்லுதீய?"

"பொதுவாச் சொல்லுதேன்."

"பொதுவா, நாசரேத்துப் பக்கமா?"

நான் காபியைக் குடித்தேன். டம்ளர் காலி என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

கிருபாபாய் கீரையை முறத்தில் ஒதுக்கினாள். "சரி. செய்வோம். ஆனா ரோட்டர்டாம்னா முழு ரோட்டர்டாம். உங்களுக்குத் தோதானது மட்டும் ரோட்டர்டாம், மத்ததெல்லாம் தூத்துக்குடின்னா எனக்கு ஆகாது."

"முழுசு!" என்று மேஜையைத் தட்டினேன்.

சண்டை போடுவாள், அழுவாள், தம்பிக்காக வாதாடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். சரி என்றுவிட்டாள். கல்யாணமான எந்த ஆணும் அந்த இடத்தில் சுதாரித்திருக்க வேண்டும். நான் போர்டு எழுதக் கொடுக்கப் போய்விட்டேன். 'முன் அனுமதி பெற்று வரவும்.' நீல எழுத்து. கேட்டில் மாட்டியதும் வீட்டுக்கே ஒரு ஐரோப்பியக் களை வந்துவிட்டது.

மாட்டிய மறுநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். என் சிநேகிதன் டெல்பினின் குரல். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவன். நல்ல மீன் பட்டால் எனக்கென்று ஒன்றை எடுத்துவைத்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

"பொன்னுதுரை இருக்கானா தங்கச்சி?"

"இருக்காங்க அண்ணே. நீங்க போன் பண்ணிக் கேட்டுட்டு வந்தீயளா?"

"எதுக்கு? சீலா மீனு கொண்டாந்திருக்கேன். போன்ல எப்படிக் கொடுக்க?"

"அப்பாயின்மென்ட் இல்லாம வாங்கக் கூடாதாம். அவங்க உத்தரவு. போர்டு பாருங்க."

"ஆயின்மென்ட்டா? ஏன், எங்கயாவது விழுந்து கிழுந்துட்டானா?"

"இன்னும் விழல அண்ணே. விழுவாங்க."

சோப்பு நுரையோடு நான் ஓடிவந்தபோது பைக்கின் புகை மட்டும்தான் இருந்தது. மத்தியானம் கிழக்குப் பக்கத்து வீட்டிலிருந்து, அமலோற்பவம் அக்கா வீட்டிலிருந்து, சீலா மீன் பொரிக்கும் வாசம் சுவர் ஏறி வந்தது. வாசத்துக்கு முன் அனுமதி தேவையில்லை போலும்.

"ஏளா, டெல்பினு நம்ம ஆளுல்லா?"

"சட்டத்துல நம்ம ஆளு, வேத்தாளுன்னு உண்டா? சாப்பிட வாங்க."

போனேன். தட்டில் இரண்டு ரொட்டித் துண்டு. நடுவில் ஒரு சீஸ் வில்லை. பக்கத்தில் தண்ணீர்.

"என்னது இது?"

"மத்தியானச் சாப்பாடு. அங்கன யாரு பகல்ல அடுப்பு பத்த வைக்கா? எல்லாரும் இதத்தான திங்காங்க. 'எவ்வளவு சுளுவு பாரு, பொம்பளைகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்'னு நீங்கதான சொன்னீய?"

"சரி, ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு மருமகன்தான சமைச்சாரு?"

அவள் பீரோவைத் திறந்து ஒரு ஏப்ரனை எடுத்தாள். நெஞ்சில் காற்றாலைப் படம் போட்டது. ரோட்டர்டாமில் வாங்கினாளாம். யாருக்கோ பரிசு என்று நினைத்திருந்தேன். பரிசுதான். எனக்கு.

அன்று ராத்திரி நான் வைத்த ரசத்தை நானே குடித்துவிட்டு, எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் ரோட்டர்டாம் என் மேல் வரிசையாக இறங்கியது. அங்கே எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள் என்று ஸ்கூட்டர் சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. பழைய சைக்கிளை எண்ணெய் போட்டு என்னிடம் தந்தாள். பீச் ரோட்டில் கடல் காற்று எதிர்த்து அடித்தது. நான் மிதிக்க மிதிக்க சைக்கிள் பின்னால் போனது. உப்பு லாரி ஒன்று அடித்த ஹாரனில் நானும் சைக்கிளும் தனித்தனியாக இறங்கினோம். சாயங்காலம் டீயோடு ஒரே ஒரு மக்ரூனை எடுத்து வைத்துவிட்டு டப்பாவை டப்பென்று மூடினாள்.

"இன்னொண்ணு?"

"அங்கன பிஸ்கட் டப்பாவ எப்படி மூடுனாங்கன்னு பாத்தீயல்லா? ஆளுக்கு ஒண்ணு."

"மக்ரூன் நம்ம ஊர்ப் பண்டம்ளா!"

"டப்பா அங்க உள்ளது."

அந்தச் சனிக்கிழமை அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நாசரேத்துக்கு. தம்பி வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்."

"தனியாவா?"

"ஈவா அவ சிநேகிதிகளோட தனியாத்தான பாரிசு போனா? மருமகன் வாசல்ல நின்னு டாட்டா காட்டுனாரே. நாகரிகம்னா இதுதான்னு நீங்க புல்லரிச்சீயளே."

"எஸ்றாகிட்ட அப்பாயின்மென்ட்?" என்றேன், கடைசி ஆயுதமாக.

"போன வாரமே வாங்கியாச்சு."

வாசலில் நின்று டாட்டா காட்டினேன். கை வலித்தது.

முதல் நாள் ராஜா மாதிரி இருந்தேன். நாற்காலி எனது. ரிமோட் எனது. போர்வை எனது. விடிந்து வெகுநேரம் வரை ஒருவரும் என்னைக் குனியச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு குரல் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு பல்லியிடம் பேசினேன். அது பதில் சொல்லிற்று. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யாருமே வரவில்லை. காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசல் வந்ததும் போர்டைப் பார்த்துவிட்டு, கூவுவதை நிறுத்தி, அடுத்த வீடு தாண்டித்தான் மறுபடி கூவினார். கோயில் காரியமாக வீடு வீடாக வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு நேராக நின்று, தெருவிலேயே எனக்காக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். மேற்குப் பக்கத்து வீடு, நாங்கள் ஊரில் இல்லாத சமயத்தில் காலியான வீடு. அங்கே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ குடிவரப் போகிறார்கள். யாராக இருந்தாலும் பேச ஒரு ஆள் கிடைக்குமே என்று, கிழக்குச் சுவர்ப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அந்த வீட்டுக்கு யாரு வாராங்க?"

"நீங்க என்கிட்ட பேசலாமா தம்பி? நான் போன் ஒண்ணும் பண்ணலையே," என்று சொல்லிவிட்டு வாளியோடு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காபி போட்டேன். பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். என் டம்ளரைக் குடித்து முடித்தேன். அடுத்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆடை கட்டி, ஆறிப்போனது. அவள் இருந்திருந்தால் இந்நேரம் அந்தக் காபியில் நாலு குறை சொல்லியிருப்பாள். குறை சொல்ல ஆளில்லாத காபியை எடுத்துப்போய்க் கொட்டினேன்.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. வேறு வழியின்றி எஸ்றாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அத்தான்."

"அக்கா எங்க?"

"அக்கா ரொம்ப வேலையா இருக்கா அத்தான்." பின்னால் தட் தட்டென்று எதையோ அடித்து இறுக்குகிற சத்தம் கேட்டது.

"எப்ப வாரா?"

"ஒரு வாரம்னு சொல்லித்தான வந்தா? இன்னும் வேல முடியலையே."

என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இறங்கிவிட்டது. "மச்சான், நீயே அவளக் கூட்டிட்டு வந்திரு."

"நானா? நீங்க போர்டு வச்சிருக்கீயளாமே?"

"போர்டாவது மண்ணாவது! கழத்தி எறிஞ்சாச்சு." போனைக் காதில் வைத்தபடியே போய்க் கழற்றினேன்.

"நான் மட்டும் எப்படி வர? பிளாரன்ஸ் தனியா இருப்பாளே." பிளாரன்ஸ் அவன் மனைவி.

"உன் பொண்டாட்டியும் வரட்டும்!"

"எத்தன நாளைக்கு அத்தான்?"

"நாள் என்னவே நாள்! வந்து இங்கனயே இருங்களேன்!"

அந்தப் பக்கம் தட் தட் நின்றது.

"அத்தான், சரியாக் கேக்கல. ஸ்பீக்கர்ல போடுதேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"இங்கனயே வந்து இருங்கன்னு சொல்லுதேன்!" என்று கத்தினேன். கிழக்குச் சுவருக்கு மேலே அமலோற்பவம் அக்காவின் தலை தெரிந்தது. அக்கா சிரித்த மாதிரி இருந்தது. அன்பைக் கண்டு நெகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவ்வளவு இனிமையான ஹாரனை நான் எந்த நாட்டிலும் கேட்டதில்லை. வாசலுக்கு ஓடினேன்.

வந்தது காரல்ல. குட்டியானை. அதன் மேல் பீரோ, கட்டில், கிரைண்டர், ரோஜாத் தொட்டிகள், எஸ்றாவின் கர்லாக்கட்டைகள். உச்சியில் கயிற்றைப் பிடித்தபடி எஸ்றா. முன் சீட்டில் பிளாரன்ஸும் என் கிருபாபாயும். வண்டி எங்கள் கேட்டைத் தாண்டி, வெள்ளையடித்த மேற்கு வீட்டு வாசலில் போய் நின்றது.

"ஏளா, வீட்டத் தாண்டிப் போயிட்டீங்க!"

"சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு," என்று இறங்கினாள் கிருபாபாய்.

நான் பீரோவைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"இது எப்ப முடிவாச்சு?"

"நாம ரோட்டர்டாம்ல இருக்கும்போதே. தம்பிக்கு இங்கன பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்க வேல கிடைச்சிருக்கு. இந்த வீடு காலியாகுதுன்னு அமலோற்பவம் அக்கா போன் போட்டுச் சொன்னாங்க. அங்கன இருந்தே பேசி முடிச்சிட்டேன். அவன்தான், 'அத்தான் வாய் நெறயக் கூப்பிட்டாத்தான் அந்தத் தெருவுல கால் வைப்பேன்'னு ஒத்தக் கால்ல நின்னான். நீங்களாவது, அவனக் கூப்பிடவாவது! என்ன செய்யன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நல்ல வேளை, ஊருக்கு வந்ததும் வராததுமா நீங்களே போர்டு மாட்டி ஒரு வழியத் தொறந்து விட்டீய."

"அப்போ நாசரேத்துல இத்தன நாளா..."

"சாமான் கட்டிக்கிட்டிருந்தேன். வெறும் சாப்பாட்டுப் பாத்திரமே அத்தன சாக்கு."

எஸ்றா வண்டியிலிருந்து குதித்தான். முதலில் இறக்கியது பீரோவை அல்ல, ஒரு கடப்பாரையை.

"அத்தான், ரோட்டச் சுத்தி எதுக்கு வரப் போக? நடுச்சுவர்ல ஒரு வாசல் வச்சிருவோம். வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

கிருபாபாய் அதை அவன் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தாள். "குடும்பத்துல மூத்தவங்க நீங்கதான். மொத இடி நீங்க இடிச்சாத்தான் மரியாத."

பிளாரன்ஸ் முக்காடு போட்டு ஜெபம் பண்ணினாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் கடப்பாரையை ஓங்கி ஒரே ஒரு இடி இடித்தேன். சுவரும் அவர்கள் பக்கமே சாய்ந்தது.