ஸ்டைபண்டுக்கு முறை வைத்த மதகு

தஞ்சாவூர் ஜில்லாவில் நான் பார்க்காத கருமி கிடையாது. ஊறுகாய் ஜாடியைக் காட்டிவிட்டு மூடி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாண மொய்யில் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் லாரி பிடித்து வந்து இறங்கினாலும், என் மாடி வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்த மதகு என்கிற ஆள் முன்னால் வள்ளல்கள் மாதிரிதான் தெரிவார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. படித்தது அஞ்சாம் கிளாஸ். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு நெல் அறுக்கும் மிஷின் மூன்று வைத்திருக்கிறேன், வீடு இரண்டு. நான் உள்ளே போனால் பேங்க் மேனேஜர் எழுந்து நிற்கிறார். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பீற்றிக்கொள்கிறேன். சும்மா வந்ததா என்ன?

அப்பேர்ப்பட்ட என்னிடம் வீடு கேட்டு வந்தார், காற்றடித்தால் சாய்கிற மாதிரி ஒரு மனுஷன். சம்சாரம் டாக்டர். டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேல்படிப்பு சேர்ந்திருந்தது அந்தப் பெண். மூன்று வருஷப் படிப்பு. நடுவில் விட்டால் படிப்பும் போச்சு, பெரிய தொகையை அபராதமாகவும் கட்டவேண்டும். இவர் சென்னையில் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, நாலு வயசுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் கணக்கு ட்யூஷன் எடுப்பதாக ஏற்பாடு. படிக்கிற காலத்தில் டாக்டரம்மாவுக்கு மாசாமாசம் வரும் ஸ்டைபண்டும் ட்யூஷன் காசும்தான் வரவு.

“தம்பி, அட்வான்ஸ் அஞ்சு மாசம்” என்றேன்.

“தர்றேங்கய்யா. ஆனா முறை வச்சுத்தான் தருவேன்.”

“முறை வைக்க இதென்ன வீடா, வெண்ணாறா?”

விசாரித்தால், அவர் அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் பாசன லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்கி, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இந்த வாய்க்காலுக்கு மூன்று நாள், அந்த வாய்க்காலுக்கு மூன்று நாள் என்று முறை வைத்துப் பிரித்து விடுகிற உத்தியோகம். அப்பா ஆற்றில் செய்ததை மகன் அடுப்பங்கரையில் செய்தார். சுவரில் ஒரு பிளைவுட் பலகை. அதில் வரிசையாக ஐந்து தகர மூடி, மூடிக்குப் பின்னால் ஐந்து கவர். வாடகை, மளிகை, பாப்பா, வட்டி, டாக்டர். ஒரு மூடி திறந்தால் மற்ற நாலும் மூடியிருக்கும். காய்கறிக்காரி கூடப் போனில் காசு வாங்குகிற காலத்தில், இந்த ஆள் ஏ.டி.எம். வாசலில் நின்று மொத்தத்தையும் நோட்டாக எடுத்துவந்து கவரில் போடுவார். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் மதகு. ஊருக்கே அதுதான் பெயராகிவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்பட்டால் செலவு வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒருநாள் வாடகை வாங்க மாடிக்குப் போனேன். சலவை நோட்டாக எண்ண ஆரம்பித்தார். வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தேன். “தம்பி, ஒரு வாய் காபி.”

“மன்னிக்கணுங்கய்யா. சர்க்கரை தீந்துபோச்சு. மளிகை வாய்க்கால் வியாழக்கிழமைதான் திறக்கும்.”

“கையில இம்புட்டு நோட்டு வச்சிருக்கியே!”

“அது வாடகைத் தண்ணிங்கய்யா. அதுல கை வச்சா முறை கெட்டுடும்.”

என் சம்சாரம் மனசு கேட்காமல் ஒரு கிலோ சர்க்கரை கொடுத்தனுப்பினாள். அதை நோட்டில் ‘மழை’ என்று எழுதிக்கொண்டார். எதிர்பாராமல் எது வந்தாலும் மழை. எதிர்பாராத செலவு வந்தால் ‘உடைப்பு’. பாப்பாவின் செருப்பு அறுந்தால் உடைப்பு. யாராவது கல்யாணப் பத்திரிகையோடு படியேறினால், கரை உடையப் போகிறது என்று மணல் மூட்டையோடு நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

டாக்டரம்மா பாவம். இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி பார்த்துவிட்டு, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து சத்தம்.

“என்னங்க, ஒரே ஒரு பிரியாணி. நான் சம்பாரிச்ச காசு, நான் திங்கக் கூடாதா?”

“மேட்டூர்ல அணை இருக்குன்னு தண்ணி பூரா சேலத்துக்காரங்களுக்கா?”

கீழே உட்கார்ந்திருந்த எனக்கே புரையேறிவிட்டது. அப்புறம் அந்தப் பெண் சிரிக்கிற சத்தம். கல்யாணம் செய்துகொண்ட பாவத்துக்குச் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது வருஷம்தான் சோதனை. ஸ்டைபண்ட் நின்றுபோனது. எங்கேயோ ஒரு மேஜையில் ஒரு கையெழுத்து விழவில்லையாம். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். பரீட்சைப் பணம் கட்டவேண்டும், ஆராய்ச்சிப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்கவேண்டும். தேதி தாண்டினால் ஒரு வருஷம் போச்சு. பலகையில் ஐந்து மூடியும் மூடிக் கிடந்தன.

டாக்டரம்மா என் சம்சாரத்திடம் வந்து கண் கலங்கிற்று. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் டியூட்டி பார்க்கக் கூப்பிடுகிறார்களாம். படிக்கிறவர்கள் வெளியே வேலை பார்க்கக் கூடாது. தெரிந்தால் படிப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள். “வேற வழி தெரியலம்மா. திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லப் போறேன்” என்றது.

நான் மதகுவைக் கூப்பிட்டேன். “தம்பி, அம்பதாயிரம் வச்சுக்க. வட்டி வேணாம். வாடகையும் மெதுவா குடு.”

“வேணாங்கய்யா. அது வெள்ளம். என் வாய்க்கால் தாங்காது. எதாவது வேலை இருந்தா குடுங்க.”

என் பணத்தை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள்! எனக்கு வந்த ஆத்திரத்தில், “சம்பா அறுப்பு ஓடுது. மிஷின்கூடப் போயி மணிக்கணக்கு எழுதி, வாடகை வசூல் பண்ணு. மரத்தடி கிடையாது, ஏசி கிடையாது. முடியுமா வாத்தியாரே?” என்றேன். ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார்!

வந்தவர் சும்மா கணக்கு மட்டும் எழுதியிருக்கலாம். டிரைவர்களிடம், “எங்கப்பா காலத்துலேருந்து எதுன்னாலும் கடைமடைக்குக் கடைசியாத்தான் வருது. மிஷினாவது முதல்ல போகட்டும்” என்று சொல்லி, மூன்று மிஷினையும் வாய்க்கால் முடிகிற ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஓர் அம்மா கதிரை உருவி, அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

“இந்தாங்க சார், அமுக்குனா பால் வருது பாருங்க. எங்களுக்குத் தண்ணியே இருவது நாளு பிந்தித்தானே வந்துச்சு? பச்சைப் பயிரை அறுக்க மிஷின் கொண்டாந்த மகராசன் நீங்க ஒருத்தர்தான்!”

வரப்பில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் விடவில்லை. “ஏம்ப்பா, லஸ்கர் மவன்தானே நீ? தண்ணி கடைசியா போற எடத்துல பயிரும் கடைசியாத்தானே பழுக்கும்? அஞ்சாம் கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியுது, காலேஜுல பாடம் எடுத்த உனக்குத் தெரியலையா?”

மதகு அந்த அம்மா பக்கம் திரும்பினார். “இருவது நாளா?” என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நோட்டோடு வந்தார். “ஐயா, அப்பாகூட வேலை பார்த்தவங்க எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். எந்த வாய்க்காலுக்கு என்னிக்குத் தண்ணி போச்சுன்னு தேதி வாங்கிட்டேன். அந்த வரிசையிலயே மிஷினை விட்டா, பழுத்த வயலாப் பார்த்து ஊர் ஊரா நகந்துக்கிட்டே போகலாம்.”

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் வயலுக்குத்தான் மிஷின் போகும். ரெண்டு ஏக்கருக்காக முப்பது மைல் ஓட்டி டீசலைத் தீர்ப்போம். அந்த வருஷம் மிஷின் ஒருநாள்கூட வெட்டியாக நிற்கவில்லை. ‘எனக்கு முதல்ல அனுப்புய்யா’ என்று சண்டைக்கு வந்த பெரிய பண்ணைக்காரரிடமும் மதகு நோட்டைத்தான் நீட்டினார். “உங்க முறை வெள்ளிக்கிழமைங்க.” அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சம்பளம் வாங்கும்போதாவது வாத்தியார் கூச்சப்படுவார் என்று பார்த்தேன். “மிஷினுக்கு வயல் பிடிக்கிற புரோக்கருக்குக் குடுக்கிற கமிஷன் எவ்வளவோ, அதேதாங்கய்யா எனக்கும்” என்று கடைசி ரூபாய்வரை கறந்துவிட்டார். அதில்தான் பரீட்சைப் பணம் போனது, புத்தகம் அச்சானது. டாக்டரம்மா அந்த நர்சிங் ஹோம் பக்கமே போகவில்லை. நெல் சுணை பட்டுத் தடித்துப்போன மதகுவின் கழுத்தைப் பார்த்து, “ஊருக்கெல்லாம் அரிப்புக்கு மருந்து எழுதறேன், நீங்க ஒரு டியூப் வாங்கக் கூடாதா?” என்று அது சத்தம் போட்டதும், “செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்” என்று இவர் சொன்னதும் என் காதில் விழுந்தது.

ரிசல்ட் வந்த அன்று நான் வாசலில் இருந்தேன். குறுவை அறுப்புக்காக மிஷின்களைப் பிரித்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் சம்மட்டி அடி. டாக்டரம்மா படியிறங்கி வந்தது.

“ஐயா, பாஸாயிட்டேன்.”

“அடி சக்கை! மதகு எங்க? கூப்பிடு அந்த மனுஷனை.”

“சொன்னேங்கய்யா. ‘சரி, பாப்பாவைப் பார்த்துக்க’ன்னார். அப்படியே தரையில படுத்துட்டார். பாய்கூட விரிக்கல. நல்லா தூங்கறார்.” சொல்லிவிட்டு அந்தப் பெண் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் எழுந்து போய் வெல்டிங் மிஷினை அணைத்தேன். மெக்கானிக்குகளுக்கு முழுநாள் கூலியைக் கையில் கொடுத்து, சம்மட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

“ஏன் முதலாளி? வேலை அரைகுறையா கெடக்கே?”

“கெடந்தா கெடக்கட்டும்யா. மேல ஒரு ஆளு தூங்குறாரு.”