மருந்துச் சண்டையைக் கண்டுபிடித்தவர்

ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் ஆகாது என்றால் கம்ப்யூட்டரில் உடனே சிவப்பு விளக்கு எரியும். அப்படியொரு மென்பொருளை எழுதி ஆஸ்பத்திரியில் ஏற்றிய நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியோ அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருபது வருஷமாக அந்தச் சண்டைகளை வெறும் கண்ணால் பிடித்தவள்.

"இனிமே உன் கண்ணுக்கு ஓய்வு," என்றார் பெருந்தன்மையாக.

"சரிங்க. கண்ணை வேற வேலைக்கு வெச்சுக்கறேன்."

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. ஷட்டில் ஆடக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு; அமல்படுத்துவது மனைவி. ஆகவே ஐயா வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு, கார் டிக்கியில் மட்டையை ஒளித்துக்கொண்டு போய் ஆடினார். மூன்றாம் வாரம் முழங்கால் முறைத்துக்கொண்டது.

வலி மாத்திரை வேண்டும். வீட்டுக்குத் தெரியக் கூடாது. அதே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு டாக்டரிடம் வேறு பெயரில் போனார்.

"வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"தண்ணியைத் தவிர ஒண்ணுமில்ல டாக்டர்."

'குடிப்பழக்கம் உண்டு' என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் புதுப் பெயரைப் பார்த்தது. இந்த ஆள் பிறந்ததிலிருந்து மாத்திரையே விழுங்கியதில்லை. பச்சை விளக்கு. பெற்ற பிள்ளை பொய்ச்சாட்சி சொல்லிக் காப்பாற்றியதுபோல் பூரித்துப் போனார்.

சாயங்காலம் மனைவி சாப்பாட்டு மேஜையில் காத்திருந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு சீட்டு வந்தது. பேரு புதுசு. போன் நம்பர் உங்களுது."

மருந்து தயாரானதும் மெசேஜ் வர வேண்டுமே என்று கொடுத்த எண்.

"நம்பர் தப்பா விழுந்திருக்கும்."

"பிறந்த தேதியுமா? குடிப்பழக்கம் வேற இருக்காம்."

"அது... தண்ணிம்மா. பச்சைத் தண்ணி."

"நீங்க சாப்பிடற மாத்திரையோட இதுவும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். உங்க பச்சை விளக்கு வேடிக்கை பார்த்துட்டு நின்னிருக்கும்." அவள் குரல் இடறியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். மாத்திரை கிடையாது, களிம்புதான். கம்ப்யூட்டர்ல உங்க பதிவையும் திருத்தியாச்சு."

மறுநாள் அவர் தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். 'இவருக்கு ஒத்துக்கொள்ளாதவை' என்ற கட்டத்தில் மனைவி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்:

உண்மை.