தோலில் ஈயம் வந்த வழி

ஆம்பூர்,
12.8.2006

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஜெஸ்டனுக்கு,

மாமா வில்சன் எழுதுவது. நானும் உன் அக்கா ரோஸும் சுகம். மஸ்கட் வெயிலில் உன் தலை தப்ப ஜெபிக்கிறோம். என் தலை தப்பவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தோல் கம்பெனிக்கு எக்ஸ்ரே மெஷின் ஒன்று வாங்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரி மெஷின் இல்லை. தோல் துண்டை உள்ளே வைத்து மூடினால், வெட்டாமல் எரிக்காமல், குரோமியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடும். ஈயம் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பிவிடுவான். எந்த மெஷின் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை முதலாளி ரஷீத் அஹமது லேப் இன்சார்ஜான என்னிடம் கொடுத்தார். டிசம்பரில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. மெஷின் நன்றாக அமைந்தால், அதைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ள மாட்டாரா என்று எனக்கு ஆசை.

முதலில் வந்த மெஷின் சின்னது, சாது. நான் கொடுத்த துண்டில் ஈயமே இல்லை என்றது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் சிபாரிசுக் கடிதமே எழுதிவிட்டேன். மறுநாள் புகழேந்தி என்கிற இன்ஜினீயர் பெரிய மெஷினோடு வந்தான். அதே தோலில் இன்னொரு துண்டைக் கொடுத்தேன். ஈயம் நூற்றெண்பது என்றது! நாலாயிரம் ஜோடி ஷூவுக்கான தோல். முதலாளி, "லாட்ட நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு, சாயம் சப்ளை செய்கிறவனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "மெஷின் பொய் சொல்லுது சார்" என்று நான் அடித்துப் பேசினேன்.

புகழேந்தி கோபப்படவில்லை. அதே தோலில் யாரும் தொடாத புதுத் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து வைத்தான், ஈயம் இல்லை. பழைய துண்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். ஓரத்தில் மட்டும் இருந்தது. "இத யாரு சார் தொட்டது?" என்றான். தோல்காரன் கையில் தோலைக் கொடுத்தால் கட்டைவிரலால் நீவாமல் இருப்பானா? சின்ன மெஷினுக்குக் கொடுத்த துண்டையும் இதையும் நீவித்தான் கொடுத்தேன்; சின்னதுக்குத்தான் அது தெரியவில்லை. அதுவும் இரண்டு தடவையும் ஆள் வருகிறானே என்று முதலில் என் தலையை நீவிவிட்டு, அப்புறம் தோலை நீவினேன். அவன் ஒரு வடிதாளால் என் விரலைத் துடைத்து அந்தத் தாளை உள்ளே வைத்தான். மெஷின் ஆயிரக்கணக்கில் எகிறியது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், தலைக்கு இன்னா போடறீங்க?"

வாயை மூடிக்கொண்டால் லாட் போகும், பாவம் அந்தச் சாயக்காரன் பிழைப்பும் போகும். திறந்தால் என் வயசு சந்தி சிரிக்கும். சொல்லிவிட்டேன். தினமும் தடவினால் நரை கறுக்கும் என்று நீ அனுப்பினாயே ஒரு தண்ணீர், அதைத்தான். "அதுல கறுப்பாக்கறதே ஈயந்தான் சார்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "வில்சன், உங்க தலைல இருக்கறதையே கண்டுபுடிச்சுட்டுது, தோல்ல இருக்கறத விடுமா? இதையே வாங்குவோம். ரெண்டு வருசம் நீங்களே இருந்து பாத்துக்குங்க. தலைய மட்டும் தொடாதீங்க!"

அக்காவிடம் சொன்னேன். "ஈயம் பூச நீங்க இன்னா பித்தளைக் குண்டானா?" என்று பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இனி எனக்கு நரையே போதும். தயவுசெய்து அந்தத் தண்ணீரை அனுப்பாதே.

கர்த்தர் உன் வேலையையும் சொந்த முடியையும் காப்பாராக.

இப்படிக்கு,
நரைத்த மாமா,
வில்சன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அந்தத் தண்ணி ரெண்டு பாட்டில் வரவழைக்க முடியுமா?" என்றார். மூன்றாக அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தடவிக்கொள்கிறேன். சர்ச்சில் மெஷின் இல்லை.