வாத்து கடித்த நிழல்

அந்த ஸ்டுடியோ வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒன்றும் கொடுக்கவில்லை. கைரேகை பார்ப்பதுபோல் நிழல் பார்த்தார்கள். கதாநாயகன் ஆக வந்தவர், கதாநாயகனிடம் அடி வாங்கினாலே போதும் என்று வந்தவர், மகளுக்கு வேடம் கேட்டு வந்த அம்மா, அம்மாவுக்கு வேடம் கேட்டு வந்த மகள், எல்லாரும் கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். மரத்தடியில் ஒதுங்கினால் சொந்த நிழல் மரத்தின் நிழலோடு கலந்துவிடுமாம். தலை சுற்றி விழுந்த ஒருவரைத் தூக்கப் போனவர்கள்கூட அவர் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆள் மயங்கிக் கிடந்தார். நிழல் பத்திரமாக இருந்தது.

உள்ளே ஐந்தாவது மாடியில் வீற்றிருந்தவர் நிழலார். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர்தான் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் நினைவில்லை, அவருக்கும் அதில் வருத்தமில்லை.

நிழலார் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. நடிகர்களுக்கு மேனேஜராக இருந்தவர். கால்ஷீட்டைப் பிரித்துக் கொடுப்பது, நடிகர் குறட்டை விடும்போது தயாரிப்பாளரிடம் "சார் கேரக்டருக்குள்ள போயிருக்கார்" என்று சொல்வது, குடை பிடிப்பது, இவைதான் வேலை. அப்படிக் குடை பிடித்து நின்ற ஒரு சாயங்காலம், எதிரே போன ஒரு புதுமுகத்தைப் பார்த்து, "தம்பி, உனக்கு முன்னாடி உன் நிழல் ஓடுதுப்பா. நீ எங்கயோ போகப்போற" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். முதுகில் வெயில் அடித்தால் எருமையின் நிழலும் முன்னால்தான் ஓடும். ஆனால் அந்தப் புதுமுகம் உண்மையிலேயே பெரிய நட்சத்திரமாகிவிட்டார். அவருடைய சித்தப்பா ஒரு தயாரிப்பாளர் என்பதற்கும் அதில் கொஞ்சம் பங்கு இருந்திருக்கலாம். அதை யார் கேட்டார்கள்?

அன்றிலிருந்து மேனேஜர் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். ஊரில் பாதிப் பேரிடம் சொன்னால் ஒன்றிரண்டு பேர் தேறாமலா போவார்கள்? தேறியவர்களின் படங்களை அலுவலகச் சுவரில் மாட்டினார். தேறாதவர்களையும் மாட்டுவதென்றால் அதற்குத் தனியாக ஒரு கோட்டைச் சுவர் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மாட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோ முதலாளிக்கு வரிசையாகப் படங்கள் ஊத்திக்கொண்டன. கதை சரியில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கதையைச் சரிசெய்ய வேண்டும் என்றால் முதலில் அதைப் படிக்க வேண்டும். முதலாளிக்கு அது தலைவலி. அதனால் மேனேஜரைக் கூப்பிட்டுத் தலைமை நிர்வாகி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

நாற்காலி சூடாவதற்குள் நிழலார் கதைப் பிரிவை மூடினார். அங்கே சோபா போட்டு அதைக் காத்திருக்கும் அறை ஆக்கினார். உச்சி வெயிலில் படப்பிடிப்பு கூடாது, நிழல் குறுகிவிடும் என்று உத்தரவு போட்டார். கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் இருக்க நடைவழியில் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நம் அக்கா மாட்டிக்கொண்டாள்.

அக்கா நாடகக்காரி. தலை நரைக்கத் தொடங்கும்வரை மேடையில் நடித்தவள். சினிமாவில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்கிற வேடங்கள்தான். கூடப்பிறந்த தம்பி இயக்குநர் ஆனதும் அவளை மனதில் வைத்தே ஒரு கதை எழுதினான். முதல் தடவையாகக் கதாநாயகி. படம் பாதி முடிந்திருந்தது. எடுத்தவரை போட்டுப் பார்த்த அன்று, திரையில் தன் முகத்தைப் பார்த்து அக்கா வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தோமோ அது கைக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷம் அது.

மீதிப் படத்தை எடுக்க நிழலார் சம்மதம் தர வேண்டும் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். தம்பி அவளை ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போனான்.

காத்திருக்கும் அறையில் ஒருவர் பிளாஸ்க்கும் பிஸ்கட் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். "நானும் ரொம்ப நாளா சான்ஸ் தேடி அலையறேங்க. பிஸ்கட் எடுத்துக்கங்க. முகம் ஏன் வாடியிருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லும். அக்கா சிரித்தாள்.

"ஒண்ணுமில்லங்க. புதுச் செருப்பு. இடது குதிகாலக் கடிச்சிடுச்சு."

"அடடா" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

நிழல் அறை இருட்டாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைத் திரை. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு. பார்க்க வந்தவர் பின்கதவு வழியாக வந்து விளக்குக்கும் திரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிழலார் இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையில் விழும் நிழலை மட்டும் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். முகம் பொய் சொல்லுமாம்.

அக்கா போய் நின்றாள். நிழலார் திரையை மேலிருந்து கீழாக ஆராய்ந்தார். பிறகு உச்சுக்கொட்டினார்.

"இடது குதிகால்கிட்ட விரிசல் விட்டிருக்கே. அங்க ஒரு வேதனை தெரியுது. அது மேல ஏறிக்கிட்டே வருது. இந்த நிழல வச்சுப் படம் எடுத்தா தியேட்டர்ல திரையே கிழியும்."

முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி பதறி எழுந்தான். "சார், இதுக்குப் பரிகாரம் எதுவும் இல்லையா?"

"இருக்கு. நம்ம நிழல் காப்பகத்துல சேந்துட்டா ஒட்டிடலாம்."

நிழல் காப்பகம் என்பது வேறொன்றுமில்லை. நிழலாரின் பழைய மேனேஜர் கம்பெனிதான். இப்போது அது மனைவி பெயரில் இருந்தது. அங்கே சேர்ந்த நடிகர்கள் ஆயுள் முழுக்க வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும். கொடுத்தால் எப்பேர்ப்பட்ட விரிசலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து விரிசலைக் கண்டுபிடிப்பவரும் அவரே, காப்பகத்தில் உட்கார்ந்து ஒட்டுபவரும் அவரே. ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார் என்று அவருடைய உழைப்பைத்தான் எல்லாரும் மெச்சினார்கள்.

நடைவழிக்கு வந்ததும் அக்கா வெடித்தாள். "டேய், குதிகால் வலிக்குதுன்னு அந்த பிஸ்கட்காரர்கிட்ட மட்டும்தாண்டா சொன்னேன். உன்கிட்டகூடச் சொல்லல. அது எப்படி நிழல்ல தெரியும்?"

"அதான்க்கா அவரோட சக்தி!"

"சக்தியா? அந்த ஆளு காது, இந்த ஆளு வாய். அவ்வளவுதான்."

"அக்கா, காப்பகத்துல சேந்துடேன். இல்லன்னா இடைவேளைக்கு அப்புறம் வேற பொண்ண வச்சு எடுக்கச் சொல்றாங்க."

"கதாநாயகி மூஞ்சி பாதிப் படத்துல மாறுமா? பாக்குறவன் கேக்க மாட்டானா?"

தம்பி தரையைப் பார்த்தான். "நிழல் நல்லா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்களாம்."

அக்காவுக்கு நிழலார் மீது வந்த கோபத்தைவிடத் தம்பி மீது வந்த வருத்தம்தான் பெரிது. வீட்டில் ஒரு கதையில் ஓட்டை என்றால் நாள் முழுக்கச் சண்டை போடுகிறவன், இங்கே எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. மூளையை லிஃப்ட் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அக்கா படி இறங்கிப் போனாள்.

சேராதவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. முதலாளி வந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வாசல் கூட்டமும் முண்டியடித்து நிழல் அறைக்குள் வந்துவிட்டது. தம்பி முதல் வரிசையில் செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அக்கா காலையிலேயே காத்திருக்கும் அறைக்குப் போய்ப் பிஸ்கட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"எனக்குத்தான் குடுத்துவைக்கல. என் பெரியம்மா பொண்ணையாவது நிறுத்திப் பாக்கலாம்னு கூட்டிட்டு வந்திருக்கேன். கடைசியா நிக்கப்போறா. ரொம்பக் கூச்சம், யார்கிட்டயும் பேச மாட்டா."

"ஏங்க அப்படி?" என்றவர் பிஸ்கட்டை நீட்டினார்.

"சின்ன வயசுல வாத்து கடிச்சிடுச்சு. அதுலேருந்து அப்படித்தான். வாத்தப் பாத்தாலே தேம்பித் தேம்பி அழுவா."

"அடடா, வாத்தா?" என்றார் அவர். கைகழுவப் போனார்.

பின்கதவில் காவலுக்கு நின்றவர் வராந்தா வெயிலில் தன் நிழல் யார் காலிலும் படாமல் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தார். அக்கா தன் பெரியம்மா மகளை உருட்டிக்கொண்டு உள்ளே போனதை அவர் கவனிக்கவே இல்லை.

நின்ற பெண்களை எல்லாம் நிழலார் கழித்துக் கட்டினார். ஒருத்தியின் நிழல் நீர்த்துப் போயிருந்தது. ஒருத்தியின் நிழலில் மாமியார் தெரிந்தார். கடைசியாகத் திரையில் ஒரு நிழல் விழுந்தது. ஒல்லியான உருவம், நீண்ட கவுன், சற்றே சாய்ந்த தலை.

நிழலார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஆகா! பாத்தீங்களா, ஒரு அசைவு உண்டா? மூச்சு விடுறதுகூடத் தெரியல. இத்தனை வருஷத்துல இவ்வளவு அடக்கமான நிழல நான் பாத்ததில்ல!"

கூட்டம் "ஆகா" என்றது.

"ஆனா உள்ளுக்குள்ள ஒரு துயரம். குழந்தையில ஒரு காயம்..." கண்ணை மூடினார். "பறவை. தண்ணியில நீந்துற பறவை. இந்தப் பொண்ண ஒரு வாத்து கடிச்சிருக்கு!"

ஒரு அம்மா விசும்பினார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவங்கதான் கதாநாயகி. இந்தப் படம் மட்டுமில்ல, அடுத்த படமும் இவங்கதான். அம்மா, கொஞ்சம் வெளிய வாங்கம்மா!"

பதில் இல்லை.

"முதலாளி கூப்பிட்டும் வரலையே, எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார் நிழலார்.

அப்போது திரைக்குப் பின்னால் ஓரமாக ஒதுங்கி நின்ற அக்கா அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் நின்றது உடைப் பிரிவில் கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டு. கவுன் போட்டிருந்தது. உச்சிக் கொக்கியில் ஒரு டோப்பா முடி தொங்கியது. கீழே சின்னச் சின்னச் சக்கரங்கள்.

பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நிழலார் சுதாரித்துக்கொண்டார். "அந்த கவுன யாரோ ஒரு பொண்ணு போட்டிருப்பா இல்ல? அவளோட நிழல் துணியில தங்கியிருக்கு. அவளத்தான் வாத்து..."

"யாரையும் எந்த வாத்தும் கடிக்கலங்க" என்றாள் அக்கா. "அந்த வாத்தே நான் சொன்ன பொய். இன்னிக்குக் காலைல, அதோ கதவுகிட்ட நிக்கிறாரே, அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அன்னிக்கு என் குதிகால் வலியும் அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. பிஸ்கட்காரர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்துகொண்டிருந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"மச்சான், நான் என்ன பண்ணுவேன்? யார் எது சொன்னாலும் ஒண்ணு விடாம வந்து சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க! எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவா!"

காப்பகம் யார் பெயரில் இருந்ததோ, அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பிதான் அவர். முதலாளி நிழலாரைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார். "இதுக்கு அடுத்த படமும் குடுத்துட்டேனே" என்று முனகினார். பிறகுதான் கோபம் வந்து நிழலாரை வெளியே போகச் சொன்னார். நிழலார் பத்திரிகைக்காரர்களின் கேமராவுக்கு முகத்தை மறைத்துக்கொண்டு, யார் நிழலை மிதிக்கிறோம் என்று பார்க்காமல் ஓடினார்.

தம்பி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னை மன்னிச்சிடுக்கா. நாளைக்கே ஷூட்டிங் வச்சுக்கலாம். நீதான் நடிக்கிற."

"நடிக்கிறேன். ஆனா இனிமே எவன் எது சொன்னாலும், கதையில ஓட்டை கண்டுபிடிப்பியே, அதே மாதிரி கேள்வி கேளு. அதுக்கு சம்மதம்னா வரேன்."

தம்பி தலையாட்டினான். அக்காவுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. மகளுக்கு வேடம் கேட்டு வந்த அம்மா மட்டும் போகாமல் நின்றார். தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இந்த ஆள் ஃபிராடுன்னு ஆயிடுச்சு. நல்லா நிழல் பாக்குறவங்க வேற யாராவது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அக்கா அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை பேர் உக்காந்திருந்தீங்க. இருந்தது ஒரே ஒரு துணி. அதுக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு எட்டிப் பாக்க ஒருத்தருக்கும் தோணல. கழுத்து தலையாட்டுறதுக்கு மட்டும் இல்லம்மா. எட்டிப் பாக்கவும்தான்."