கிளாஸ்கோவிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள்: இலங்கை மலையகத்துப் பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரெங்கசாமி, அவர் மனைவி பாக்கியலெட்சுமி, மகள் தனுஜா, பக்கத்துக் கடை ராமநாதன். தாங்களும் இருந்ததாகப் பின்னால் சொல்லித் திரிந்தவர்களை நம்ப வேண்டாம்.

தனுஜாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை திலீபன் வரவேண்டிய நாள் அது. கிளாஸ்கோவில் உத்தியோகம். "தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பொண்ணு குடுக்கிற குடும்பமா நம்மது?" என்று மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பிய ரெங்கசாமி, இந்தச் சம்பந்தத்தைக் கடைவீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

"காலையில கிளாஸ்கோவுல இருந்து கெளம்புறோம், மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவோம்னு மாப்பிள்ளையே போன்ல சொன்னாரு" என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான் வினையாயிற்று.

ராமநாதன் கைப்பேசியைத் தட்டினார். "அண்ணே, கொழும்புக்கே கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் கிலோமீட்டர். நேரா பிளைட்டும் இல்ல. துபாய்ல மாறி வரணும். இதுல மதியச் சாப்பாடா?"

ரெங்கசாமிக்கு முகம் சிவந்தது. "ஏன்யா, அந்த நாட்டு நேரம் வேற, நம்ம நேரம் வேற. அதுல மிச்சமாகும்."

"அவங்க நமக்குப் பின்னாடி அண்ணே. வர்றப்ப நேரம் கூடத்தான் போகும்."

"என் சம்பந்தி வீட்டைப் பொய்யன்னு சொல்றியா? தனி பிளேன்ல வர்றாங்கய்யா!"

சொன்ன பிறகுதான் அவருக்கே பகீரென்றது.

"எங்க எறங்கும்?"

"தியத்தலாவையில!"

"ஆமி கேம்ப் ரன்வேயிலயா? அப்ப மாலையோட அங்க ஆள் அனுப்பணுமே."

மானம் போகலாமா? வாடகை வேன் ஒன்று மாலையோடு தியத்தலாவைக்குப் பறந்தது. தனுஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று ரெங்கசாமி நினைத்தார்.

சரியாகச் சோறு வடிக்கும் நேரத்தில், ஜன்னல் வரை செம்மண் அப்பிய வேறொரு வேன் வாசலில் நின்றது. திலீபனும் பெற்றோரும் இறங்கினார்கள். ராமநாதன் முந்திக்கொண்டு டிரைவரிடம் ஓடினார்.

"பிரயாணம் எவ்வளவு நேரம் தம்பி?"

"மூணு மணித்தியாலம் ஐயா. வெலிமடையில ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கான். இல்லாட்டி இன்னும் வெள்ளனா வந்துருப்போம்."

"கிளாஸ்கோவுல இருந்தா?"

"ஆமாங்க. அக்கரப்பத்தனைக்கு அங்கிட்டு. கிளாஸ்கோ தோட்டம். நம்ம தம்பி அங்க ஸ்கூல் மாஸ்டர்."

ராமநாதன் சிரித்த சிரிப்பில் வாழை மரத்துக் காகம் பறந்தது. ரெங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினார். ஏமாந்தவன் என்ற பேரோடு கடைவீதியில் நடப்பதா?

"எதுக்குய்யா இளிக்கிற? வெளிநாடுன்னு நான் எப்ப சொன்னேன்? எல்லாம் தெரிஞ்சுதான் வரச் சொன்னேன். தட்டை எடும்மா! இன்னைக்கே மாத்திக்கிறோம்."

தட்டு மாறியது. தேதியும் குறித்தாயிற்று. தியத்தலாவைக்குப் போன மாலை மட்டும் இன்னும் திரும்பவில்லை.

விருந்து முடிந்து புறப்படும்போது ராமநாதன் தங்கையிடம் சொல்வதுபோல் பாக்கியலெட்சுமியிடம் குசுகுசுத்தார். "ஊரைச் சொல்லி அந்தப் பையன் அண்ணனை ஏமாத்திட்டான்னு நாளைக்குக் கடைவீதியில கதையாப் போயிரும்மா."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி தலை நிமிரவில்லை.

"அது பொய்ண்ணே. பதுளை கெம்பஸ்ல எங்க தனுஜாவோட ஒண்ணாப் படிச்ச பையன், அவனுக்குப் பொய்யே வராது. 'கிளாஸ்கோ'ன்னு மட்டும் சொல்லி நிறுத்து, மிச்சத்தை மாமாவே சொல்லிக்குவாருன்னு சொல்லிக்குடுத்தது நான்தான்."